முகம் பார்க்க நேரமில்லாத வகுப்பறை

அரசுப் பள்ளிகளில் காலை மணி அடித்ததும் ஆசிரியர் கைப்பேசியை எடுக்கிறார். வருகைப்பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கிய விவரம், உடல்நலக் குறிப்பு, மதிப்பெண் எனக் கேட்டதையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளமான ‘எமிஸ்’ஸில் ஏற்றியாக வேண்டும். இணையம் சுணங்கினால் பாடவேளை கரைந்துவிடும். இச்சுமையைக் குறைக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுகின்றன. பிள்ளைக்கு உரிய நேரத்தைப் பதிவேட்டுக்குக் கொடுப்பது அறமா? அறமே அன்று.

ஆசிரியர் முகமலர்ச்சியோடு, மாணவன் எவ்வகையில் ஏற்பான் என்று அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்று விதிக்கிறது பவணந்தியாரின் நன்னூல். பிள்ளையோடு பேசிப் பழகாமல் அவன் ஏற்கும் வகையை எப்படி அறிவது? மகிழ்ந்து கூடுவதையும், இனி எப்போது காண்போம் என்று ஏங்கப் பிரிவதையும் புலவரின் தொழிலாகவே வைத்தார் வள்ளுவர். ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவியும், பொருள் கொடுத்தும், பணிந்து கற்கச் சொன்னான் புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவரை மறவாத உ.வே.சாமிநாதையர் இரண்டு பாகங்களில் அவர் வரலாற்றை எழுதினார். பாடத்தோடு பரிவும் கிடைத்த மாணவரின் நன்றி அது.

காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, தந்தையின் குடியால் இரவெல்லாம் தூங்காத பிள்ளை, வீட்டில் திருமணப் பேச்சு எழுந்ததால் ஒடுங்கிப்போன சிறுமி: இவர்களை முதலில் அடையாளம் காணக்கூடியவர் வகுப்பாசிரியர். பிள்ளை வரவில்லை என்பதைத் தளம் காட்டும். ஏன் வரவில்லை என்று வீடு தேடிப்போய்க் கேட்க மனிதர்தான் வேண்டும்.

தரவு தேவையில்லை என்பதல்ல வாதம். இடைநின்றவர்களைக் கண்டறிய அது உதவுகிறது. ஆனால் அதைப் பதிய அலுவலகப் பணியாளர் போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. சட்டமும் இங்கே அறத்தின் பக்கமே நிற்கிறது.

அரசு ஒவ்வொரு பள்ளியிலும் பதிவுப் பணிக்குத் தனி ஆள் அமர்த்தட்டும். அப்படி மீளும் நேரம் முழுவதும் பிள்ளைகளுக்கே சேர வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, நாளும் ஒரு பிள்ளையையாவது பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டு நலம் கேளுங்கள். நீங்கள் ஏற்ற பணியின் முதற்கடமை அதுதான்.