வாசலில் நின்றுவிட்ட வாடிக்கைக்காரர்



அல்லாஹுத் தஆலா வியாபாரத்தை நமக்கு ஹலாலாக்கித் தந்திருக்கிறான். ஹலால் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை சரக்கும் தராசும்தாம். கலப்படமில்லை, எடையில் மோசமில்லை என்றால் நம் கணக்குச் சரியாகிவிட்டது என்று இருந்து விடுகிறோம். ஆனால், கடைக்குள் ஏற முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்ட மனிதரின் கணக்கு என்னாவது?

சிரம்பான், ரந்தாவ், பகாவ், தம்பின் என்று நெகிரி செம்பிலானின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், நம் முன்னோரின் கடைகள் தோட்டத்து ஜனங்களை நம்பியே தழைத்தன. பால் வெட்டிய கூலியில் அரிசியும் துணியும் வாங்கி நம்மை வாழவைத்தவர்கள் அவர்கள். இன்று அநேக தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அன்று பால் வாளி சுமந்தவர்கள் முதுமையடைந்து விட்டார்கள். கோலூன்றி நடப்போரும், நீரிழிவால் பார்வை மங்கினோரும், காலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் அவர்களில் உண்டு. 2019-ம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. ஆகவே, இது யாரோ சிலருடைய விஷயமன்று. நம் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

அவர்கள் கடைக்கு வந்தால் என்ன நேர்கிறது? அஞ்சடியில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் மட்டம் ஒன்றாயிராது. அதன்மேல் வெங்காய மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கி வைத்திருக்கிறோம். 1822-ல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் துரை இட்ட உத்தரவிலிருந்து பரவிய அந்த நடைபாதை, பொதுஜனம் நடப்பதற்கே ஏற்பட்டது, நம் கிடங்கன்று. பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுங்கள் என்றும், தொல்லை தருவதை அதிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்க, தொல்லையை நாமே அங்கு வைக்கலாமா?

அப்படியும் உள்ளே வந்துவிட்டால் கல்லா மேசை மார்பளவு நிற்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு முதலாளியின் முகம் தெரியாது. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டும் எட்டாது. கடைசியில் பேரப்பிள்ளையிடம் காசைக் கொடுத்தனுப்பி, வெயிலில் காத்திருந்து, கொண்டு வந்ததை வாங்கிப் போகிறார்.

நாம் கல்நெஞ்சர்கள் அல்லர். வெள்ளிக்கிழமை அதே மனிதர் கை நீட்டினால் இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் சகோதரர்களே, அவர் ஸதகா கேட்டு வரவில்லை. கையில் காசோடு சாமான் வாங்க வந்தார். வாங்க வந்தவரை யாசகர் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டோமே! காசு கொடுத்து ஈடு செய்யக்கூடிய குறையா இது?

ஸூரத்து அபஸ இறங்கிய சந்தர்ப்பத்தைச் சற்றுச் சிந்தியுங்கள். குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்தார்கள். அவர்களின் நிமித்தம் வானிலிருந்து வசனம் இறங்கியது. பிற்காலத்தில் அந்த ஸஹாபியே மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) வெளியூர் சென்ற காலங்களில் அவர்களின் பிரதிநிதியாகவும் இருந்தார்கள். மொத்தமாகச் சரக்கெடுப்பவருக்கு நாற்காலி போட்டு, கோலூன்றி வந்தவரைப் பிறகு பார்க்கலாம் என்று இருப்போருக்கு இதில் பாடமில்லையா? பார்வை குன்றிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், மழை வெள்ளத்தால் தம் பள்ளிக்குப் போக இயலவில்லையென்று முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களே அவர் வீட்டுக்குச் சென்று தொழுதார்கள். வர இயலாதவரிடம் நாம் செல்வதே ஸுன்னத்தான வழி.

கண்ணாடி அலமாரிக்கும் ஃபிக்ஹில் சட்டமுண்டு. பார்வையற்றவர் வாங்கும்போது, தொட்டறியும் பொருளைத் தொட்டும், முகர்ந்தறிவதை முகர்ந்தும், சுவைத்தறிவதைச் சுவைத்தும் பார்க்க வேண்டும் என்று ஹனஃபி இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், பார்வையுள்ள ஒரு வக்கீலைக் கொண்டு வாங்கச் சொல்வர். இரண்டின் கருத்தும் ஒன்றே: அறியாத சரக்கை ஒருவர் தலையில் கட்டலாகாது. ஆகவே கண்ணாடியைத் திறந்து, பொருளைக் கையில் கொடுங்கள். விலையை வாயால் சொல்லுங்கள். மீதிச் சில்லறையை எண்ணிச் சொல்லித் தாருங்கள்.

செலவு பெரிதென்று அஞ்ச வேண்டாம். மேசை முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. ஓரத்தில் 3 அடி நீளத்தை மட்டும் 3 அடி உயரத்துக்கு மேற்படாமல் இறக்கினால் போதும். அமெரிக்க நாட்டின் 2010-ம் ஆண்டு விதியும் அந்த 36 அங்குலத்தையே சொல்கிறது. சரிவுப் பாதைக்கு 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். 6 அங்குலப் படிக்கு 6 அடி. அதற்கு இடமில்லாத கடைக்காரர், வாசலில் எட்டும் உயரத்தில் ஒரு மணியை வைத்து, அது ஒலித்ததும் தாமே இறங்கிச் செல்லட்டும். மூட்டைகளுக்கிடையே 3 அடி வழி விடுங்கள். அன்றாடச் சாமான்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். விலைச்சீட்டைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பொதுமக்கள் புழங்கும் இடங்களுக்கு மற்றவரைப்போல் வந்து போகும் உரிமை ஊனமுற்றோருக்கும் உண்டென்று இந்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டத்துக்காகச் செய்தால் நல்ல பிரஜை. அல்லாஹ்வுக்காகச் செய்தால் அதுவே இபாதத்.

இந்த ஜும்ஆ முடிந்து கடை திறக்குமுன், ஒரு முக்காலியை அஞ்சடியில் போட்டு உட்கார்ந்து நம் கடையை நாமே ஒரு முறை பார்ப்போம். நம் கைக்கு எட்டாதது எதுவோ, அதுவே அவருக்கும் எட்டாதது.

யா அல்லாஹ்! எங்கள் வாசல்களை உன் அடியார்கள் அனைவருக்கும் எளிதாக்குவாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.