சிப்பி மாலையும் வாழையிலைக் கட்டும்

உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து போகிறார்கள். ஒரு சிப்பி மாலையோடு திரும்புகிறார்கள். சில காலம் வைத்திருந்து மகிழ்ந்துவிட்டு, அதை அடுத்த தீவுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பப்புவா நியூ கினியின் கிழக்கு முனைக்கு அப்பால் டிரோப்ரியாண்ட் தீவுகளும் அக்கம்பக்கத் தீவுகளும் நடத்தும் இந்தச் சுற்றுக்குப் பெயர் குலா. செஞ்சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றில் போகும். வெண்சங்குக் காப்புகள் எதிர்ச்சுற்றில் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பரிணாமவாதிகள் இதைப் பார்த்திருந்தால் மலைத்திருக்க மாட்டார்கள். லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் மனிதகுலத்தைக் காட்டுநிலை, அநாகரிகம், நாகரிகம் என்று படிப்படியாக நிறுத்திவைத்திருந்தார். கீழ்ப்படியில் நிற்பவர் செய்வதற்குத் தனியே காரணம் எதற்கு?

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி அந்தப் படிக்கட்டை ஒதுக்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கி, மொழி கற்று, 1922இல் குலாவைப் பற்றி நூல் எழுதினார். வெளியாருக்கு வீண்வேலையாகத் தெரியும் வழக்கமும் அவ்வூர் வாழ்வில் ஏதோ ஒரு தேவையை நிறைவேற்றுகிறது என்பது அவர் கட்சி. மாலையும் காப்பும் தீவுகளுக்கிடையே உறவை வளர்க்கின்றன. கூடவே சாதாரணப் பண்டமாற்றும் நடந்துவிடுகிறது. செயல்பாட்டியம் என்று இந்தப் பார்வையைச் சொல்வார்கள்.

பாரிஸில் மார்செல் மோஸ், தீவுப் பக்கமே போகாமல், அதே செய்திகளிலிருந்து 1925இல் வேறொன்றை எடுத்தார். கொடுப்பது கடமை, வாங்குவது கடமை, திருப்பித் தருவதும் கடமை. மொய் நோட்டோடு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லப் பிரெஞ்சுக்காரர் வேண்டியதில்லை. ஆனால் சமூகமே இதன்மேல் நிற்கிறது என்று சொல்ல அவர்தான் வர வேண்டியிருந்தது. பின்னால் வந்த மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் இன்னும் ஆழம் போய், பரிமாற்றத்தின் வேரை மனித மனத்தின் அமைப்பிலேயே தேடினார். அந்த ஆழத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. தீவுக்காரர்களே கண்ணில் படுவதில்லை.

1970களில் அதே தீவுக்கு அனெட் வைனர் என்ற அமெரிக்கப் பெண் போனார். சாவுச் சடங்கில் பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளைக் குவித்து, உரியவர்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்தவருக்காக உழைத்தவர்களின் கடனை அந்தக் கட்டுகள்தான் தீர்த்தன. ஒளிவுமறைவு எதுவுமில்லை, எல்லாம் ஊர் நடுவில். மலினோவ்ஸ்கியின் எழுத்தில் அதற்கு உரிய எடை கிடைக்கவில்லை.

அவர் உழைப்பில் குறை வைத்தவரல்ல. செல்வம் என்றால் ஆண்கள் தேடுவது என்ற எண்ணம் அவரோடு கப்பலேறி வந்திருக்க வேண்டும். நாம் எதைக் கேட்கத் துணிகிறோமோ அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தடுத்து வந்த கோட்பாடுகள் தீவைப் பற்றிச் சொன்னதைவிட, பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொன்னது அதிகம். தீவுக்காரர்கள் யாருடைய விளக்கத்துக்காகவும் காத்திருக்கவில்லை.

வைனர் கண்டது இன்னொன்றும் உண்டு. மனைவிக்கு வேண்டிய கட்டுகளைச் சேர்க்கக் கணவன் தன் பொருளைச் செலவழித்தாக வேண்டும். குலாவில் பெயரெடுத்தவனுக்கும் இதில் விலக்கில்லை.