ஐந்து முறை நாடு கடத்தப்பட்ட மேற்றிராணியார்



மே மாதம் 2-ம் தேதி நம் தாயாகிய திருச்சபை அர்ச். அத்தனாசியாரின் திருநாளைக் கொண்டாடுகிறது. இவர் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா பட்டணத்தின் மேற்றிராணியார், வேதபாரகர்.

அப்பட்டணத்தில் ஆரியுஸ் என்னும் குருவானவர், சேசுநாதர் மெய்யான சர்வேசுரன் அல்ல, சிருஷ்டிகளில் முதன்மையானவர் மாத்திரமே என்று போதித்து வந்தார். 325-ம் ஆண்டில் கூடிய நிசேயா பொதுச்சங்கம் இப்பதிதத்தைத் தள்ளி, சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று தீர்ப்புக் கூறிற்று. அச்சங்கத்துக்குத் தம் மேற்றிராணியாரோடு தியாக்கோனாகச் சென்றிருந்தார் அத்தனாசியார்.

ஒரு வார்த்தைக்காக இவ்வளவு வாதம் ஏன் என்பீர்கள். கிணற்றில் விழுந்தவனை, கூட விழுந்தவன் தூக்கிவிட முடியுமா? சேசுநாதரும் ஒரு சிருஷ்டியானால், சிருஷ்டிகளாகிய நம்மைச் சர்வேசுரனோடு சேர்ப்பது எப்படி? நம் இரட்சணியமே அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது என்று அர்ச்சியசிஷ்டவர் கண்டார்.

328-ல் மேற்றிராணியாரானார். அது முதல் நான்கு சக்கரவர்த்திகள் ஐந்து முறை அவரைத் துரத்தினார்கள். 45 வருஷத்தில் ஏறக்குறைய 17 வருஷம் தம் மந்தையை விட்டுப் பிரிந்திருந்தார். 356-ம் ஆண்டில் ஒரு நாள் இரவு, சனங்களோடு ஜெபத்தில் இருக்கையில் போர்ச்சேவகர் கோவிலை வளைத்துக்கொண்டார்கள். அவரோ ஆசனத்தை விட்டு எழும்பவில்லை. ஆண்டவருடைய இரக்கத்தைப் புகழும் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லி, சனங்கள் முந்திப் போகட்டும் என்றார். கடைசியில் துறவிகளும் குருக்களும் அவரை இழுத்துக்கொண்டுபோய்த் தப்புவித்தார்கள். பிறகு வனாந்தரத்துத் துறவிகள் நடுவில் ஒளிந்திருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். வனத்து அந்தோனியாரின் சரித்திரத்தை உலகுக்குத் தந்தவரும் இவரே. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் கொண்டிருக்கிற அதே 27 ஆகமங்களையும் 367-ல் எழுதி அறிவித்தார். 373-ல் தம் சொந்தப் பட்டணத்திலேயே சமாதானமாய் மரித்தார்.

பெற்றோர்களே! "சேசுநாதர் யார்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன மறுமொழி சொல்லுவீர்கள்? நல்லவர், பெரிய போதகர், ஏழைகளுக்கு இரங்கினவர் என்பதோடு நிறுத்திவிடுவீர்களா? ஆரியுஸ் இதைவிட அதிகமாகவே சொன்னாரே! அவர் மெய்யான சர்வேசுரன் என்று உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும். பூசையில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டால் மாத்திரம் சொல்லாதீர்கள். அதற்காக ஒருவர் 17 வருஷம் வீடின்றி அலைந்தார் என்பதை நினைத்து, நிறுத்தி, வணக்கமாய்ச் சொல்லுங்கள்.

அர்ச். அத்தனாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.