நோன்பு நாளில் பிசைந்த மாவு

நேப்பிள்ஸ் நகரத்தில் பாஸ்கா என்னும் ஈஸ்டர் பண்டிகை விருந்துக்கென்று செய்யப்படும் காஸாட்டியெல்லோ என்னும் ரொட்டி, பன்றிக் கொழுப்புச் சேர்த்துப் பிசைந்து புளிக்கவைத்த மாவினுள் ஸலாமி என்ற உப்பிட்ட இறைச்சித் துண்டங்களையும், பாலாடைக்கட்டியையும், மிளகையும் தாராளமாய்ப் பொதிந்து சுருட்டி, வளையமாக்கி, அதன்மேல் முழு முட்டைகளை ஓட்டோடு பதித்து, ஒவ்வொன்றின்மீதும் மாவுக் கீற்றுகளைச் சிலுவையாக இட்டுச் சுடப்படுவது. வளையம் கிறிஸ்துவின் முள்முடியைக் குறிப்பதென்பர், முட்டை புத்துயிரை.

என் சிந்தையை ஈர்ப்பது வேறு. பல வீடுகளில் இம்மாவு பிசையப்படுவது, மாமிசம் விலக்கப்பட்ட பெரிய வெள்ளிக்கிழமையன்றே. கையெல்லாம் கொழுப்பும் மூக்கெல்லாம் இறைச்சி வாசனையுமாக நிற்கும் இல்லத்தரசி, உப்புப் பதம் பார்க்கவும் நாவில் ஒரு துணுக்கு வைக்கலாகாதெனில், அவள் நோன்பு காக்கிறாளா, அன்றி மனத்தினால் முன்னதாகவே உண்டு முடித்துவிட்டாளா? விஷயங்களை விட்டு விலகி ஓடுவதே வைராக்கியம் என்று கருதும் கண்டிப்பான துறவிகள் அவளை மன்னிக்கமாட்டார்கள். (அவர்களுக்கும் யாரோ ஒருவர் சமைத்துத்தான் போட்டிருப்பார்.) எனக்கோ, பிறர் புசிப்பதற்கென்று ஒரு பொருளைக் கையில் ஏந்துங்கால், ஆசை அழியாமலே அதன் ஸ்வரூபம் மாறி, வருகிறவரின் பசியாகவே அது ஆகிவிடுகிறதென்று தோன்றுகிறது. ஆயினும், ஞாயிறன்று அவளுக்கும் ஒரு துண்டு உண்டு. மிஞ்சியதைத் திங்களன்று கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே உல்லாசமாய்ப் போகும் வழக்கமும் உண்டு. ஆகவே அவளுடைய கர்மம் முற்றிலும் நிஷ்காமியம் என்று சொல்வதற்கில்லை. சொல்லவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.