கணக்கும் கருணையும்

உண்மையை மறைப்பது தவறு. பிறருடைய அந்தரங்கத்தைக் குலைப்பதும் தவறு. இவ்விரண்டையும் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இவை ஒன்றோடொன்று மோதும் தருணங்களும் வாழ்க்கையில் உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்து, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்காடும் வேளை அத்தகையது.

அங்கே ஒருவருடைய வங்கிக் கணக்கை மற்றவர் கேட்கிறார். சம்பளச் சீட்டு, வருமான வரி விவரம், கடன் பத்திரம், காப்பீடு என்று பட்டியல் நீள்கிறது. ‘குழந்தைக்காகத்தான் கேட்கிறேன்’ என்கிறார் ஒருவர். ‘என் சொந்தக் கணக்கில் தலையிட எவருக்கும் உரிமையில்லை’ என்கிறார் மற்றவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் சுயநலம் நியாயத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு நிற்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

தாளில் ஏறாத வரவு

கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் ஒரு பகுதி ஊரிகம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மண் அது. 1930ஆம் ஆண்டு சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவேட்டில் ஏற்ற முற்பட்டபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். உடலுழைப்பைத் தரச் சம்மதித்தவர்கள், தங்கள் உடலின் அடையாளத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கச் சம்மதிக்கவில்லை. அந்தரங்கம் என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரமல்ல, எளியவர்களின் தன்மானமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின் பிழைப்புக்காக விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவில் வீடு திரும்புவது அங்குள்ள ஏராளமான குடும்பங்களின் வாழ்க்கை முறையாயிற்று. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பாட்டியோ தாத்தாவோதான்.

இத்தகைய ஒரு வீட்டில் பிரிவு நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்குப் பெங்களூரில் மாதச் சம்பளம். அது வங்கிக் கணக்கில் ஒழுங்காக வந்து சேர்கிறது. தாயாருக்குத் தையல் வேலை. வரவு கையிலிருந்து கைக்கு. சேமிப்பு சீட்டுப் பணமாக இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. இருவருடைய கணக்குத் தாள்களையும் அருகருகே வைத்தால், ஒன்று நிறைந்தும் மற்றது வெறுமையாகவும் தோன்றும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவர் யார் என்பது எந்தத் தாளிலும் வரவு வைக்கப்படுவதில்லை.

தகப்பனாரின் தாளையும் சற்று உற்று நோக்குவோம். மாதந்தோறும் ஒரு தொகை விதவையான அக்காளுக்குச் செல்கிறது. அவமானத்துக்கு அஞ்சி அந்த அம்மாள் அதை ஊருக்குச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்காக ஒரு மருத்துவரிடம் நான்கு முறை பணம் கட்டியிருக்கிறார். இவையெல்லாம் அந்தத் தாளில் வரிவரியாக இருக்கின்றன. ஒருவருடைய கணக்கு என்று நாம் நினைப்பது உண்மையில் பலருடைய துயரங்களின் குறிப்பேடு. அதைத் திறக்கும்போது வழக்கில் இல்லாதவர்களின் வாழ்வும் சேர்ந்தே திறக்கிறது.

சட்டம் கேட்பதும் காப்பதும்

குழந்தையின் நலனே முதன்மையானது என்பது நம் நாட்டுச் சட்டத்தின் நிலை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முந்தைய 1890ஆம் ஆண்டுச் சட்டமோ, காப்பாளராக வருபவரின் குணத்தையும் திறனையும் பார்க்கும்படி நீதிபதிக்குச் சொல்கிறது. திறன் என்னும் அச்சொல் வழியாகத்தான் பணக் கணக்கு வழக்குக்குள் நுழைகிறது. ஆனால் அதன் அருகிலேயே குணமும் நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று உத்தரவிட்டது. வருமானத்தை ஒளித்துவைத்து, குழந்தையின் உணவுக்கும் படிப்புக்கும் உரியதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம்.

மறுபுறம், வங்கியிடம் உள்ள ஆவணங்களிலும் ஒருவருக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் 2004இல் கூறியிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி, ஒரு தரப்பினர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். இந்துத் திருமணச் சட்டமோ அத்தகைய வழக்கு விவரங்களை அச்சிட்டு வெளியிடுவதையே தடை செய்கிறது.

இவ்விரு கடமைகளும் முட்டிக்கொள்ளும்போது வலி உண்டாகத்தான் செய்கிறது. கர்நாடகத்தில் ஒரு பெண்மணிக்கும் அவர் மகளுக்கும் ஜீவனாம்சம் வழங்கக் குடும்ப நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரவில்லை, கணவரின் இருப்பிடமும் தெரியவில்லை. ஆதார் பதிவிலுள்ள முகவரியைக் கேட்டார் அப்பெண்மணி. கணவருடைய தரப்பைக் கேட்காமல் அதைத் தந்துவிட முடியாது, திருமணம் ஆனதனால் ஒருவருடைய அந்தரங்க உரிமை மறைந்துவிடுவதில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு கூறியது. சட்டத்தின் நோக்கில் அது சரியே. ஆனால் தன்னைத் தேட முடியாதபடி மறைந்து நிற்கும் தகப்பன், தன் மனச்சாட்சியின் முன் அந்த உரிமையைப் பேச முடியுமா?

முத்திரையிட்ட உறை

இந்தச் சிக்கலுக்கு ஒளி தரும் வழக்கு ஒன்றுண்டு. தில்லியில் திருமணமாகாத தாய் ஒருவர் தம் மகனைத் தாமே வளர்த்து வந்தார். தம் சேமிப்புகளுக்கும் காப்பீடுகளுக்கும் மகனை வாரிசுதாரராக நியமிக்க விரும்பினார். தகப்பனாரின் பெயரைத் தெரிவிக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்திலிருந்து காப்பாளர் சான்று பெற்று வர வேண்டும் என்றார்கள். நீதிமன்றம் சென்றார், அங்கும் பெயரைக் கேட்டார்கள். அந்த மனிதருக்கு வேறு குடும்பம் இருக்கிறது, பெயரை வெளியிட்டால் பலருக்குத் துன்பம் என்று மறுத்தார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டன.

2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தாயின் பக்கம் நின்றது. குழந்தையின் நலனுக்குத் தேவையில்லாதபோது பெயரை வெளியிடுமாறு வற்புறுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. ஆயினும் அத்துடன் நிற்கவில்லை. தன் பெற்றோர் யார் என்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டல்லவா? இதை எடுத்துச் சொன்னபோது, அத்தாய் நீதிபதிகளிடம் மட்டும் விவரத்தைத் தெரிவித்தார். அது ஓர் உறையிலிடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டது. நீதிமன்றத்தின் தனி உத்தரவின்றி எவரும் அதைப் பிரிக்கலாகாது.

உண்மை அங்கே அழிக்கப்படவில்லை, தெருவிலும் வீசப்படவில்லை. யாருக்கு உரியதோ அவருக்காகக் காத்துவைக்கப்பட்டது. அந்த மகனுக்கு உரியதை மறைப்பது திருட்டு. அவனுக்குப் பயன்படாததை ஊருக்குக் காட்டுவது வன்முறை. இரண்டும் நேராமல் பார்த்துக்கொண்டது அந்தச் சிறிய காகித உறை.

கௌசிகரின் சத்தியம்

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் ஸ்ரீகிருஷ்ணர் அர்ஜுனனுக்குக் கௌசிகர் என்ற முனிவரின் கதையைச் சொல்கிறார். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்பது அவருடைய விரதம். கொள்ளையருக்கு அஞ்சிச் சிலர் ஓடிவந்து அவர் இருந்த காட்டில் ஒளிந்தனர். துரத்தி வந்த கொள்ளையர் கேட்டபோது, அவர் ஒளிந்த இடத்தை உள்ளபடி சொன்னார். அவர்கள் கொல்லப்பட்டனர், கௌசிகர் நரகம் புகுந்தார். தீமை பயக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவரும் இலக்கணம் வகுத்தார்.

இக்கதையைக் கேட்டவுடன், ‘அப்படியானால் என் சம்பளத்தை மறைப்பதும் தர்மமே’ என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். கௌசிகரிடம் கேட்டவர்கள் கொலைகாரர்கள். குழந்தையின் பசிக்காகவும் படிப்புக்காகவும் கேட்கும் நீதிபதி கொள்ளையர் அல்லர். அவரிடம் மறைப்பவர் ஒளிந்திருக்கும் அப்பாவிகளைக் காப்பாற்றவில்லை. தம் குழந்தையின் பங்கையே அபகரிக்கிறார். குழந்தை பிறந்த நாளிலிருந்தே பெற்றோரின் வருமானத்தில் ஒரு பகுதி அதற்குச் சொந்தமாகிவிடுகிறது. ஆகவே ‘என் கணக்கு’ என்ற சொல்லே அங்கு முழு உண்மையல்ல. அஸ்தேயம் என்று நம் சாஸ்திரங்கள் கூறும் திருடாமை, பிறர் வீட்டுப் பொருளுக்கு மட்டுமல்ல, தன் வீட்டுப் பிள்ளையின் பொருளுக்கும் பொருந்தும்.

அதே வேளையில், நீதிபதிக்காகத் தந்த தாளை உறவினர் கூட்டத்தில் படித்துக் காட்டுபவரும், அக்காளுக்குச் சென்ற பணத்தைச் சொல்லி ஏளனம் செய்பவரும், மருத்துவரிடம் சென்றதைக் காட்டிப் பைத்தியக்காரப் பட்டம் சூட்டுபவரும் கௌசிகரின் பிழையையே செய்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லாதிருக்கலாம். கௌசிகர் சொன்னதிலும் பொய்யில்லை.

மறைவாக எடுத்த உண்மை

மற்றவர் தாமாகத் தராவிட்டால், அவருடைய கைப்பேசியையோ கணினியையோ மறைவாகத் திறந்து எடுத்துக்கொள்ளலாமா? இங்கிலாந்தில் ஒரு விவாகரத்து வழக்கில் மனைவியின் சகோதரர்கள் கணவருடைய கணக்கு விவரங்களை அவர் அறியாமல் கணினியிலிருந்து பிரதி எடுத்தனர். கணவர் சொத்தை மறைப்பார் என்பது அவர்களுடைய அச்சம். 2010இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரதிகளைத் திருப்பித் தரச் செய்தது. தம் சொத்துகளை முழுமையாக வெளியிடும் கடமை கணவருக்கு உண்டு என்பதையும் வலியுறுத்தியது.

நம் நாட்டுச் சட்டத்தின் போக்கு சற்று வேறு. குடும்ப வழக்கில் உண்மையை அறிய உதவும் எதையும் ஏற்க நீதிமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு. வாழ்க்கைத் துணை மறைவாகப் பதிவு செய்த உரையாடலையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதே அந்த உறவு முறிந்ததன் அடையாளம் என்பதையும் சுட்டியது. சட்டம் ஒன்றை ஏற்றுக்கொள்கிறது என்பதனாலேயே அது செய்யத் தக்கது ஆகிவிடாது. மற்றவருடைய கணக்கு உண்மையிலேயே தேவை என்றால், நீதிபதியிடம் கேட்டு அவருடைய உத்தரவின் மூலம் பெறும் நேர்வழி திறந்தே இருக்கிறது. அவ்வழி நீண்டதுதான். ஆனால் குழந்தையை வளர்க்கத் தகுதியானவர் யார் என்று முடிவு செய்யும் வழக்கில், திருட்டுத்தனத்தைத் தகுதியின் சான்றாகக் கொண்டுவந்து வைப்பது பொருந்துமா?

நம் பங்கு

இத்தகைய வழக்கில் சிக்கியவர்கள் நம் உறவிலும் சுற்றத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் சொல்லக்கூடியவை சில உண்டு. கேட்கப்படுமுன்னரே உண்மையான வருமானத்தை நீதிமன்றத்தில் தெரிவித்துவிடுங்கள். மூடிய அறை விசாரணையைக் கேட்டுப் பெறுங்கள். வழக்குக்குத் தொடர்பற்ற மூன்றாமவர் விவரங்களை மறைத்துத் தர அனுமதி கோருங்கள். வழக்கில் கிடைத்த தாளை வழக்குக்கு வெளியே பயன்படுத்தாதீர்கள். ‘அப்பா எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்டு வா’ என்று குழந்தையை ஒருபோதும் ஒற்றனாக அனுப்பாதீர்கள்.

உறவினர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ‘அவன் கணக்கில் என்னதான் இருந்ததாம்?’ என்ற நம் ஆவல்தான் பல உறைகளைக் கிழித்தெறிகிறது. கேட்பதற்குச் செவி இல்லாவிட்டால் சொல்வதற்கு வாய் இராது.

இன்று மூன்று வயதாக இருக்கும் குழந்தை ஒருநாள் பெரியவனாகி அந்த வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கலாம். தன் தகப்பனார் தனக்குரியதை ஒளிக்காமல் தந்தார் என்பதையும், தன் தாயார் அவருடைய துன்பத்தை ஊரறியச் செய்யவில்லை என்பதையும் அவன் அதில் காண வேண்டும். பிரிந்துவிட்ட இருவர் சேர்ந்து தம் பிள்ளைக்கு விட்டுச்செல்லக்கூடிய சொத்து அது. அவர்கள் கையில் இன்னும் அது இருக்கிறது.