குடியேறியவனின் கணக்கு

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நண்பர்கள் போனில் எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்: "ஏண்டா, மதுரைல செட்டில் ஆகலாமா?" குரலில் பாதி ஆசை, பாதி சந்தேகம். 2021 முதல் இங்கே இருப்பவன் என்பதால் ஒரு பட்டியலைக் கைவசம் வைத்திருக்கிறேன். வேளச்சேரியில் கொடுத்த வாடகையில் பாதிக்கு மொட்டைமாடியோடு ஒரு வீடு. மகளின் பள்ளிக்கூடம் பத்து நிமிஷம். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ராத்திரி ஒரு மணிக்குப் பசித்தாலும் எங்கேயாவது ஒரு பரோட்டாக் கல் சூடாக இருக்கும். சாயங்காலம் காற்று வாங்கத் தெப்பக்குளம். ஒரு காலத்தில் பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய அந்தக் குளத்துக்கு இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வருகிறது. ஒத்தக்கடை தாண்டி, யானைமலையைச் சுற்றிக்கொண்டு போனால் வயல்.

எல்லாம் உண்மை. இதை அனுபவிப்பதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. ஆனால் பட்டியலை ஒப்பித்து முடிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். ஒரு செல்போனின் அம்சங்களைச் சொல்வது மாதிரியே ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேமரா நல்லா இருக்கு, பேட்டரி நிக்குது, விலையும் கம்மி.

இப்படி ஊரைப் பொருளாகப் பார்ப்பதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் சார்லஸ் டீபோ 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு ஊரும் ஒருவகை வரி, ஒருவகை வசதி என்று கடை விரிக்கிறது. மக்கள் தங்களுக்குப் பிடித்த ஊருக்குக் குடிபோகிறார்கள். கடையில் சாமான் தேர்ந்தெடுப்பது போலத்தான் என்பது அவர் வாதம். வாசிக்கும்போது என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது. ஆனால் அந்தக் கோட்பாடு நிற்பதற்கு அவர் சில அனுமானங்களைச் செய்கிறார். அதில் ஒன்று, வேலை எங்கே கிடைக்கும் என்ற கவலை யாருக்கும் இல்லை, எல்லோருக்கும் பங்கு ஆதாயம் போல ஒரு வருமானம் வந்துகொண்டே இருக்கிறது என்பது. 1956இல் இது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். 2020க்குப் பிறகு லேப்டாப்பும் இணையமும் என்னைப் போன்ற சிலருக்கு அதை நிஜமாக்கிவிட்டன. என் சம்பளம் சென்னையிலிருந்து வருகிறது, நான் மதுரையில் செலவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். முதுகில் பையோடு வரிசையாக ஏறுகிறவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் கடை திறந்திருக்கவில்லை. அவர்கள் விட்டுப் போகும் ஊருக்குத்தான் நான் 'வாழ்க்கைத்தரம்' தேடி வந்திருக்கிறேன்.

'மலிவு' என்ற சொல்லையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். எனக்கு மலிவாக இருப்பதெல்லாம் இன்னொருவருக்குக் கிடைக்கும் கூலி. எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவுக்கு மதுரை மலிவான ஊர் இல்லை, வெறும் ஊர். இதை நீட்டி எழுத எதுவுமில்லை. கூடுதலாகக் கொடுக்கலாம், கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

பணத்தால் சரிக்கட்ட முடியாத பகுதி வேறு. டீபோவுக்குப் பதிலாக நான் வைத்துக்கொள்வது ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய சின்னப் புத்தகத்தை. ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது அதிலிருக்கிறவருக்கு இரண்டு வழி என்கிறார் அவர்: வெளியேறலாம், அல்லது உள்ளேயிருந்து குரல் கொடுக்கலாம். எளிதாக வெளியேற முடிந்தவர்கள் போய்விட்டால் குரல் கொடுக்க ஆளில்லாமல் போகும். நான் சென்னையிலிருந்து வெளியேறியவன். வேளச்சேரியில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நின்றபோது ஒரு மனுகூட எழுதவில்லை, மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸுக்குத்தான் போன் போட்டேன். மதுரை கெட்டுப்போனால்? கோயம்புத்தூர் இருக்கிறது, திருச்சி இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அதற்குள் அடங்கியது அரிட்டாபட்டி. சமணப் படுக்கையும் குடைவரைச் சிவன் கோயிலும் வல்லூறுகளும் இருக்கும் ஊர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அரசு அறிவித்த இடம். கிராமங்கள் கூடின, தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நான் சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும் மலை அது. என் பட்டியலில் 'அரை மணி நேரத்தில் இயற்கை' என்ற வரி இன்னும் இருக்கிறதென்றால், போக்கிடம் இல்லாதவர்கள் நடந்ததால் இருக்கிறது. அவர்கள் யாரும் வாழ்க்கைத்தரத்துக்காக அங்கே குடியிருப்பவர்கள் அல்ல.

இந்த இடத்தில் கிராமத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கட்டுரையை முடிப்பது சுலபம். ஆனால் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997இல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஊரைவிட்டுப் போக முடியாத நிலை சிலருக்கு வேர், சிலருக்குச் சங்கிலி. அம்பேத்கர் கிராமத்தைக் கொண்டாட மறுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நகரத்திலும் வாடகை வீடு தேடும்போது கேட்டை முழுதாகத் திறப்பதற்கு முன்னாலேயே "நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று கேட்பார்கள். ஊரைக் கேட்பதாகத்தான் வெளித்தோற்றம். ஆகவே வெளியேறுவதை இழிவாகப் பேச என்னால் முடியாது. பலருக்கு அதுதான் விடுதலை. என்னுடைய வெளியேற்றம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வந்தவர்கள் எப்போது ஊர்க்காரர்கள் ஆகிறார்கள்? மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி கேட்கும். குஜராத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பல ஊர்களைக் கடந்து வந்து, நாயக்கர் காலத்தில் இங்கே தறி போட்ட நெசவாளர்கள். சுங்குடி இல்லாத மதுரையை இன்று யாரும் யோசிக்க முடியாது. டி.எம்.சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தில் இங்கே பிறந்தவர். அவர்களுக்குப் பிழைப்பே இந்த ஊரில்தான் இருந்தது. ஊர் நொடித்தால் அவர்களும் நொடிப்பார்கள். எனக்கு அப்படியில்லை. மதுரையில் மழை பொய்த்தாலும் என் சம்பளம் முதல் தேதி வந்துவிடும்.

மழை என்றதும் கண்மாய்க்கு வர வேண்டும். மதுரைச் சமவெளி என்பது கண்மாய்களின் சங்கிலி. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும். கரைக்குக் கீழே மடை பாயும் நிலம் ஆயக்கட்டு. தண்ணீர் திறந்துவிட ஊர்கூடி வைத்த நீர்ப்பாய்ச்சி, கரையைப் பராமரிக்கக் குடிமராமத்து. 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தபோது, இந்தக் கண்மாய்களில் பலவும் அதையும் வாங்கிக்கொண்டன. நகரம் வளர்ந்தது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டடம். உலகனேரிக் கண்மாயில் 2004இல் உயர் நீதிமன்றக் கிளை. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமே கண்மாய்க்குள் இருக்கிறது என்பதை மதுரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2024 அக்டோபர் கடைசியில் சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்கள் மூழ்கியபோது யாரும் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு ஒரு பிளாட்டைப் பற்றி. ஒத்தக்கடைக்கு அப்பால் நாலு சென்ட், அப்ரூவ்டு, முப்பதடி ரோடு. மனையைக் காட்ட வந்தவரிடம் எதிரே தெரிந்த கரையைக் காட்டி, "இது ஆயக்கட்டு நெலமாண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலத்துல சார். இப்ப அங்கிட்டு எவன் வெவசாயம் பாக்குறான்? கண்மாயே காஞ்சு கெடக்கு. தண்ணி வராது, தைரியமா கட்டுங்க."

தண்ணி வராது என்பதைத்தான் மனையின் சிறப்பாகச் சொல்கிறார்! மனைவி திரும்பி வரும்போது சொன்னாள்: "நாம வாங்காட்டி அடுத்த வாரம் வேற ஒருத்தன் வாங்குவான். அந்த நெலத்துல இனிமே நெல்லா வெளையப் போவுது?" அவள் சொல்வது சரி. நான் ஒதுங்குவதால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் போவதில்லை. விளைவை மட்டும் வைத்துப் பேசினால் இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் கிடையாது.

என் தயக்கம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்த நாலு சென்ட்டில் வீடு கட்டிக் குடியேறிவிட்டால் வானம் இருட்டும்போது நான் என்ன வேண்டிக்கொள்வேன்? அந்தக் கண்மாய் நிறையக் கூடாது என்று. கலுங்கு பாய்ந்தால் என் போர்டிகோவில் தண்ணீர் நிற்கும். யாராவது வரத்துக்கால்வாயைத் தூர்வார வந்தால் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் முதல் எதிர்ப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். கண்மாய் நிறைந்தால் பொங்கல் வைக்கும் ஊரில், அது காய்ந்தே கிடக்க வேண்டும் என்று நினைக்கும் ஆளாக என்னை அந்த வீடு மாற்றிவிடும். குணத்தால் அல்ல, கடன் வாங்கிக் கட்டிய வீடு என்பதால். மனிதனின் நியாயம் பெரும்பாலும் அவன் வாசற்படியின் உயரத்தை அனுசரித்துத்தான் அமைகிறது. யானைமலையையும் வயலையும் பார்த்து வந்தவன், அந்த வயலுக்குத் தண்ணீர் வராமலிருக்க வேண்டிக்கொள்வான்.

இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ ஊருக்குள்ள பழைய வீடா பாரு. ஆனா பாத்ரூம் எல்லாம் இடிச்சுக் கட்டணும், காரை வாசல்ல நிறுத்த முடியாது, பட்ஜெட்ல எட்டு லட்சம் கூடுது. அதையும் சேத்து யோசி" என்றாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறோம். டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தோம். முற்றம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மாடிப்படி மட்டும் செங்குத்தாக இருப்பதால் அம்மா ஏற மாட்டாள். அடுத்த ஞாயிறு இன்னொன்று பார்க்கப் போகிறோம்.