தோற்க முடியாத ஆட்டம்

1983இல் அட்லாண்டாவில் கூடிய கோகோ-கோலா விற்பனையாளர்களுக்காக அடாரி நிறுவனம் ஒரு வீடியோ கேம் செய்து கொடுத்தது. மொத்தம் 125 பிரதிகள். மேலிருந்து படையாக இறங்கி வருபவை பெப்சி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள். அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். சுடுபவருக்கு உயிர் தீர்வதே இல்லை. மூன்று நிமிடம் கழிந்ததும் கோக் வென்றதாகத் திரை அறிவித்துவிடும். கை கட்டி உட்கார்ந்திருந்தாலும் அதே முடிவுதான்.

இதை விளையாட்டு என்று சொல்லலாமா?

தேவையே இல்லாத தடைகளை மனமுவந்து ஏற்று, கடக்க முயல்வதுதான் விளையாட்டு என்றார் தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ். 1978இல் வெளிவந்த அவருடைய 'தி கிராஸ்ஹாப்பர்' நூலின் மையக் கருத்து இது. கோல்ஃப் பந்து குழியில் விழுந்தால் போதும் என்பவர் கையாலேயே போட்டுவிடலாமே! தொலைவில் நின்று மட்டையால் அடிப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. தோல்விக்கு இடமே தராத அடாரியின் படைப்பு, இந்த அளவுகோலில் வெறும் விளம்பரம்.

அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த 'கூல் ஸ்பாட்' என்ற வீடியோ கேம் அப்படியல்ல. செவன் அப் பானத்தின் சின்னத்தில் இருக்கும் சிவப்புப் பொட்டுக்குக் கைகால் முளைத்து, கறுப்புக் கண்ணாடியும் ஏறியிருக்கும். கடற்கரையில் நண்டுகளுக்குத் தப்பி, சோடாக் குமிழிகளைச் சுட்டபடி, கூண்டில் அடைபட்ட தன் கூட்டாளிகளை அது மீட்க வேண்டும். தவறாகக் குதித்தால் அடி விழும், உயிரும் போகும். இதை உருவாக்கிய டேவிட் பெரியின் குழு அந்த ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் கொட்டிய உழைப்பு, ஒரு பாட்டிலை விற்கத் தேவையானதைவிட மிக அதிகம்.

ஐரோப்பாவில் இன்னொன்று நடந்தது. அங்கே செவன் அப்பின் முகம், நம்மூர் விளம்பரங்களிலும் வந்த சிலிர்த்த முடிக்காரன் ஃபிடோ டிடோ. அதனால் ஐரோப்பியப் பதிப்பில் செவன் அப் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பணம் போட்டவரின் நோக்கம் வேறு, படைப்பின் நோக்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

சர்க்கரைத் தண்ணீருக்காகக் குழந்தைகளின் பிரியத்தை விலைபேசியது சரியா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சரியில்லை. ஆனால் அந்தக் குற்றம் விற்றவரைச் சேரும். நண்டைத் தாண்டிய சிறுமியின் மகிழ்ச்சியைப் பொய்யாக்காது. பெரி 1993லேயே ஷைனி என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கிருந்து வந்தது 'எர்த்வார்ம் ஜிம்'. அதன் நாயகன் ஒரு மண்புழு. அவனுக்கு விற்பதற்கு எந்தப் பானமும் இல்லை.